உஷார்! பத்திரம் பக்காவாக இருக்கும்... குத்தகை செல்லாது!

குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர்களே, கொஞ்சம் பொறுங்கள்! வாடகை பேசியாயிற்று. அட்வான்ஸ் பேசியாயிற்று. எத்தனை வருஷம் என்பதும் முடிவாயிற்று. முத்திரைத்தாள்கூட வாங்கியாயிற்று. எல்லாம் சரி. எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்தச் சொத்தை உங்களிடம் குத்தகைக்கு விட அதிகாரம் உண்டா? கேட்டீர்களா?

“அவர்தானே சொந்தக்காரர்!” என்பீர்கள். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. சொந்தக்காரராக இருப்பது வேறு, குத்தகைக்கு விடும் அதிகாரம் வேறு. ஒரு கம்பெனியோ, சங்கமோ, கோயிலோ, அரசுத் துறையோ தன் சொத்தை இஷ்டத்துக்குக் கைமாற்றிவிட முடியாது. அதைப் படைத்த சட்டமும் சாசனமும் எவ்வளவு அதிகாரம் கொடுத்தனவோ அவ்வளவுதான். அந்தக் கோட்டைத் தாண்டிப் போட்ட ஒப்பந்தம் வெறும் காகிதம். வருஷக்கணக்கில் வாடகை வாங்கிக்கொண்டிருந்தவரே ஒருநாள், “எனக்கு அதிகாரமே இல்லை, அதனால் நான் கொடுத்த வாக்கும் செல்லாது” என்று கோர்ட்டில் எழுந்து நிற்கலாம். கோர்ட்டும் “ஆமாம், செல்லாதுதான்” என்று சொல்லலாம்!

இது வீண் மிரட்டல் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில் கம்பெனிகள் போட்ட குத்தகை ஒப்பந்தங்களில் இதுதான் மறுபடி மறுபடி நடந்தது. ஏமாந்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. ரயில் ஓட்டத் தெரிந்த வியாபாரிகள், ஸ்காட்லாந்து முதலீட்டாளர்கள், பக்கத்திலேயே வக்கீல்களை வைத்திருந்த கம்பெனிகள். அந்த வழக்குகளைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். இன்று உங்கள் கையில் இருக்கும் பத்திரத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் உண்டு.

20 வருஷக் குத்தகை, 5 வருஷத்தில் காலி

நியூ ஜெர்சி மாநிலத்தில் மில்வில், கிளாஸ்பரோ என்ற இரண்டு ஊர்களை இணைத்து ஒரு சின்ன ரயில் பாதை. 1859இல் மாநிலச் சட்டமன்றம் தந்த சாசனத்தின் பேரில் உருவான கம்பெனி அதை நடத்தியது. 1863இல் அந்தக் கம்பெனி தன் பாதை முழுவதையும் தாமஸ் என்பவருக்கும் அவருடைய இரண்டு கூட்டாளிகளுக்கும் 20 வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்டது. மொத்த வசூலில் பாதி கம்பெனிக்கு. மீதிப் பாதியில் ரயில் ஓட்டும் செலவு போக மிஞ்சுவது குத்தகைதாரர்களுக்கு.

தாமஸ் தரப்பு அசட்டையாக இருந்துவிடவில்லை. இடையில் கம்பெனி குத்தகையை முறித்துக்கொண்டு பாதையைத் திரும்ப எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று யோசித்து, அதற்கும் ஒரு ஷரத்துப் போட்டிருந்தார்கள். அப்படி எடுத்துக்கொண்டால் மீதிக் காலத்துக்கான நஷ்டத்தைக் கம்பெனி ஈடுகட்ட வேண்டும், தொகையை நடுவர்கள் முடிவு செய்ய வேண்டும். இன்றைய வக்கீல் ஒருவர் பார்த்தாலும் ‘நல்ல ஷரத்து’ என்றுதான் சொல்வார்.

அவர்கள் நினைத்தது போலவே நடந்தது. மில்வில் கம்பெனி, வெஸ்ட் ஜெர்சி ரயில்ரோடு என்ற பெரிய கம்பெனியோடு இணையப்போனது. குத்தகையை முறிப்பதாக நோட்டீஸ் வந்தது. 1868இல் தாமஸ் தரப்பு பாதையை ஒப்படைத்தது. அனுபவித்தது ஐந்து வருஷம்கூட இல்லை, இன்னும் 15 வருஷத்துக்கு மேல் பாக்கி. நடுவர்கள் கணக்குப் பார்த்து நஷ்டஈடு 1,59,437 டாலர் 7 சென்ட் என்று முடிவு சொன்னார்கள். அந்தக் காலத்தில் அது பெரும் பணம்.

வெஸ்ட் ஜெர்சி கம்பெனி கொடுக்க மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1879 அமர்வில் அது விசாரித்த வழக்கு இது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி சாமுவேல் மில்லர். நடுவர்களின் கணக்கு சரியா தப்பா என்ற கேள்விக்கே அவர் போகவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: மில்வில் கம்பெனிக்குத் தன் பாதையைக் குத்தகைக்கு விடச் சாசனத்தில் அதிகாரம் இருந்ததா? இல்லை. அப்படியானால் குத்தகையே செல்லாது. குத்தகை செல்லாதபோது அதற்குள் இருக்கும் நஷ்டஈட்டு ஷரத்தும் செல்லாது. நடுவர் தீர்ப்பும் செல்லாது.

1,59,437 டாலரில் 7 சென்ட்கூடக் கைக்கு வரவில்லை!

அவர்கள் சொன்ன மூன்று சமாதானங்கள்

தாமஸ் தரப்பு சொன்ன வாதங்களைக் கவனியுங்கள். இன்று யாரைக் கேட்டாலும் இவற்றைத்தான் சொல்வார்கள்.

முதலாவது: “சாசனத்தில் பொதுவாக ஒப்பந்தம் போடும் அதிகாரம் இருக்கிறதே!” இருந்தது உண்மை. சரக்கும் பயணிகளும் ஏற்றிச் செல்வது பற்றி மற்ற கம்பெனிகளோடும் தனிமனிதர்களோடும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று இருந்தது. கோர்ட் சொன்னது: அது ரயில் ஓட்டும் தொழிலுக்கான ஒப்பந்தம். தொழிலையே தூக்கி இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது அதற்குள் அடங்காது.

இரண்டாவது: “சட்டமன்றமே எங்களைக் குத்தகைதாரர்கள் என்று ஏற்றுக்கொண்டுவிட்டதே!” பிறகு வந்த ஒரு சட்டம், இந்த ரயிலின் இயக்குநர்களோ குத்தகைதாரர்களோ ஏஜென்டுகளோ இன்ன கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. கோர்ட் மசியவில்லை. கட்டணத்துக்கு வரம்பு கட்டும் சட்டத்தில் போகிறபோக்கில் ஒரு சொல் வந்துவிட்டால், செல்லாத குத்தகையைச் சட்டமன்றம் யோசித்து அங்கீகரித்ததாக ஆகிவிடாது என்றது.

மூன்றாவதுதான் நாம் எல்லோரும் நம்பும் வாதம்: “இத்தனை வருஷம் இரண்டு பேரும் இதன்படிதானே நடந்தோம்? இப்போது செல்லாது என்றால் நியாயமா?” இதற்கு வந்த பதிலைப் படித்தால் தூக்கிவாரிப் போடும். நடந்து முடிந்த வருஷங்கள் முடிந்தவைதான், அதைக் கோர்ட் கிளறாது. ஆனால் தாமஸ் கேட்பது இனி வரப்போகும் வருஷங்களுக்கான பணம். சட்டவிரோதமான குத்தகையைக் கம்பெனி எவ்வளவு சீக்கிரம் கைவிடுகிறதோ அவ்வளவு நல்லது. அப்படிக் கைவிடுவது அதன் கடமை. கடமையைத் தாமதமாகச் செய்தாலும் கடமைதான். கடமையைச் செய்ததற்காக ஒருவர் நஷ்டஈடு கட்ட வேண்டுமா?

பாருங்கள்! ஒப்பந்தத்தை முறித்தவர் கடமையைச் செய்தவர் ஆகிவிட்டார். நம்பிப் பணம் போட்டவர் வெறுங்கையோடு நின்றார்.

ஏன் இவ்வளவு கறார்?

நீதிபதிகளுக்கு இரக்கமில்லை என்று கோபப்படாதீர்கள். ரயில் கம்பெனி சாதாரணக் கடை அல்ல. ஊரார் நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளவும், போவோர் வருவோரிடம் கட்டணம் வசூலிக்கவும் அரசு அதற்குத் தனி உரிமை கொடுத்திருக்கிறது. பதிலுக்கு, பாதையைச் சரியாக வைத்துக்கொண்டு ஜனங்களுக்கு ரயில் விட வேண்டிய பொறுப்பு அதன் தலையில். அந்தப் பொறுப்பை, அரசைக் கேட்காமல், யாரோ மூன்று பேரிடம் தள்ளிவிட்டுப் போக முடியாது. பங்குதாரர்களும் ‘இந்தத் தொழில்’ என்று நம்பித்தான் பணம் போட்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 1851லேயே இதற்கு அடி போட்டாயிற்று. ஈஸ்டர்ன் கவுண்டீஸ் ரயில் கம்பெனி, ஈஸ்ட் ஆங்கிலியன் கம்பெனியின் பாதைகளைக் குத்தகைக்கு எடுப்பதாகவும், அதற்கான மசோதாக்களைப் பார்லிமென்டில் கொண்டுவரும் செலவைத் தானே ஏற்பதாகவும் ஒப்புக்கொண்டது. பிறகு கைவிரித்தது. கோர்ட் கைவிரித்தவர் பக்கம்தான் நின்றது. கம்பெனியைப் படைத்த சட்டம் எல்லோரும் படிக்கக்கூடிய பொதுச் சட்டம், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒப்பந்தம் போட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. இந்தக் கடைசி வரியை மனதில் அழுத்தமாகப் பதித்துக்கொள்ளுங்கள். தெரியாது என்பது சாக்கு ஆகாது!

சொத்து விடுகிறவர்களும் உஷார்!

ஆபத்து குத்தகைக்கு எடுப்பவருக்கு மட்டும்தான் என்று நினைத்துச் சொத்துக்காரர்கள் நிம்மதியாகிவிட வேண்டாம். ஸ்காட்லாந்தில் சணல் ஆலைகளுக்குப் பேர்போன ஊர் டண்டீ. அந்த ஊர்ப் பணம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், வில்லாமெட் பள்ளத்தாக்கில், குறும்பாதை ரயில் ஒன்றில் இறங்கியது. அந்தக் கம்பெனியின் பெயர் ஆரிகோனியன் ரயில்வே.

1881இல் அது தன் பாதையை ஆரிகன் ரயில்வே அண்ட் நேவிகேஷன் என்ற பெரிய கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. காலம் 96 வருஷம். வருஷ வாடகை 28,000 பவுன். எடுத்த கம்பெனியின் தலைமையில் இருந்தவர் அப்போது அமெரிக்க ரயில் உலகையே ஆட்டிவைத்த ஹென்றி வில்லார்ட். டண்டீக்காரர்கள் பேரன் காலம்வரை கவலையில்லை என்று நினைத்திருப்பார்கள்.

மூன்று வருஷம்கூட நிற்கவில்லை. வில்லார்டின் ரயில் சாம்ராஜ்யம் சரிந்தது. 1884இல் குத்தகைக் கம்பெனி வாடகையை நிறுத்திவிட்டு, “இந்தாருங்கள் உங்கள் பாதை” என்று நீட்டியது. டண்டீக்காரர்கள் வாங்க மறுத்து வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார்கள். 1889இல் உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. அப்போதும் தீர்ப்பு எழுதியவர் அதே மில்லர். இரண்டு கம்பெனிகளுக்குமே இந்தக் குத்தகைக்கு அதிகாரம் இல்லை, ஆகவே வாடகை பாக்கி கேட்க முடியாது.

இதில் இன்னொரு குழி இருக்கிறது. கம்பெனி ஆவணங்களில் ‘குத்தகைக்கு விடலாம், எடுக்கலாம்’ என்று எழுதியே இருந்தது! கோர்ட் என்ன சொன்னது? கம்பெனி ஆரம்பித்தவர்கள் தங்கள் பத்திரத்தில் தாங்களே எழுதிக்கொண்ட அதிகாரம் அதிகாரம் ஆகாது. சட்டம் கொடுத்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் சட்டத்தின் கீழ் எழுதியதை வைத்துக்கொண்டு ஆரிகனில் ரயில் உரிமையைக் கைமாற்ற முடியாது. பைலாவில் இருக்கிறது என்று யாராவது காட்டினால் அதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். அந்த பைலாவுக்கு மேலே இருக்கும் சட்டம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

‘குத்தகை’ என்ற சொல்லே இருந்தும் தோற்றவர்கள்

மூன்றாவது கதை இன்னும் மோசம். பென்சில்வேனியாவில் சென்ட்ரல் டிரான்ஸ்போர்டேஷன் என்ற கம்பெனி ரயில்களுக்குப் படுக்கைப் பெட்டிகள் விட்டுவந்தது. 1870 பிப்ரவரியில் தன் பெட்டிகள், காப்புரிமைகள், ரயில் கம்பெனிகளோடு இருந்த ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் புகழ்பெற்ற புல்மன் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. வருஷத்துக்கு 2,64,000 டாலர். அதோடு, இனி இந்தத் தொழிலில் இறங்கவே மாட்டோம் என்றும் எழுதிக்கொடுத்தது.

இவர்கள் சட்டத்தையும் கையில் வைத்திருந்தார்கள். அதே பிப்ரவரியில்தான் மாநிலச் சட்டமன்றம் அவர்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டு, பெட்டிகளையும் மற்ற அசையும் சொத்தையும் பிற கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விடலாம் என்று அனுமதித்திருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

15 வருஷம் போல வாடகை வந்தது. பிறகு தகராறு. முக்கால் வருஷ வாடகை 1,98,000 டாலர் கேட்டு வழக்கு. 1891இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பெட்டிகளை வாடகைக்கு விடத்தான் சட்டம் அனுமதித்தது. தொழில் மொத்தத்தையும் 99 வருஷத்துக்கு ஒப்படைத்துவிட்டுக் கடையை மூடிக்கொள்ள அனுமதிக்கவில்லை. குத்தகை செல்லாது!

சரி, கொடுத்த சொத்தையாவது திருப்பிக் கேட்கலாமே? கேட்டார்கள். கீழ்க் கோர்ட் 42,35,044 டாலர் கொடுக்கச் சொன்னது. புல்மன் மறுபடி மேலே போனது. 1898இல் உச்ச நீதிமன்றம் அதை 7,27,846 டாலர் 50 சென்ட்டாக வெட்டியது. 1885 ஜனவரி முதல் வட்டி தனி. கைமாறிய நாளில் சொத்தின் மதிப்பு எவ்வளவோ அதுதான் கிடைக்கும், குத்தகை நடந்திருந்தால் வரக்கூடிய லாபம் கிடைக்காது. பெட்டிகளைக் கொடுத்து 28 வருஷம் கழித்துக் கிடைத்த நீதி இது. படுக்கைப் பெட்டித் தொழில் அதற்குள் புல்மன் கைக்குப் போய்விட்டது.

“செல்லாது என்றால் நானே கோர்ட்டுக்குப் போய் ரத்து செய்துகொள்கிறேன்” என்றும் நினைக்க வேண்டாம். 1868இல் 999 வருஷத்துக்குத் தன் பாதையைக் குத்தகைக்கு விட்ட வண்டாலியா ரயில் கம்பெனி, பல வருஷம் வாடகை வாங்கிவிட்டு அப்படித்தான் போனது. 1892இல் உச்ச நீதிமன்றம் உதவ மறுத்தது. செல்லாத ஒப்பந்தத்தில் நீயும்தான் சேர்ந்து கையெழுத்துப் போட்டாய், அதன் பலனை இத்தனை காலம் அனுபவித்தாய், இப்போது எங்களிடம் ஏன் வருகிறாய் என்ற மாதிரி. புலிவாலைப் பிடித்தவன் கதைதான்!

நம்மூரில் இது செத்துப்போன சட்டம் இல்லை

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிற்காலத்தில் இந்தக் கோட்பாட்டின் பல்லைப் பெரும்பாலும் பிடுங்கிவிட்டார்கள். இந்தியாவில் பல் அப்படியே இருக்கிறது.

சென்னையிலேயே சாட்சி உண்டு. யுனைடெட் இந்தியா என்ற ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி 1954இல் கல்விப் பணிக்கான ஓர் அறக்கட்டளைக்கு 2 லட்சம் ரூபாய் கொடுக்கப் பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் போட்டது. நல்ல காரியம், பங்குதாரர்களின் சம்மதமும் இருக்கிறது. 1956இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானது. பொறுப்பேற்ற எல்.ஐ.சி., அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டது. 1962இல் இந்திய உச்ச நீதிமன்றம், கம்பெனியின் நோக்கங்களில் இதற்கு இடமில்லை, கொடுத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. கல்வியாளர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் பெயரில் சட்டப் புத்தகங்களில் நிற்கும் வழக்கு இது. பங்குதாரர்கள் எல்லோரும் கைதூக்கினாலும் இல்லாத அதிகாரம் வந்துவிடாது என்பதுதான் பாடம்.

குத்தகையில் குழி எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கோயில் நிலம், கோயில் கடை: தமிழ்நாடு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவு கண்டிப்பாகச் சொல்கிறது. 5 வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. தர்மகர்த்தா கையெழுத்தை நம்பிக் கட்டடம் எழுப்பிவிடாதீர்கள்!

அரசு இடம்: அரசமைப்புச் சட்டத்தின் 299ஆம் பிரிவுப்படி மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநர் பெயரில், அதற்கென அதிகாரம் பெற்றவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஓர் அதிகாரி வாய்மொழியாக “பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னதற்கு மதிப்பு பூஜ்யம்.

மைனர் சொத்து: 1956ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டப்படி, கோர்ட் அனுமதி இல்லாமல் அப்பாவோ அம்மாவோகூட மைனரின் நிலத்தை 5 வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விட முடியாது. மைனர் மேஜராகி ஒரு வருஷத்துக்கு மேல் நீளும் குத்தகைக்கும் அதே கதி. பிள்ளை வளர்ந்து வந்து ரத்து செய்யலாம்.

கம்பெனி சொத்து: பொதுக் கம்பெனி ஒன்று தன் தொழிலை முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ குத்தகைக்கு விட, பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். மேனேஜிங் டைரக்டர் கையெழுத்து மட்டும் போதாது.

கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்

1. எதிராளி தனிமனிதரா, அமைப்பா என்று முதலில் பாருங்கள். அமைப்பு என்றால் அதைப் படைத்த ஆவணத்தின் நகல் வேண்டும்: கம்பெனிக்கு மெமோரண்டமும் ஆர்ட்டிகிள்ஸும், சங்கத்துக்குப் பதிவான பைலா, அறக்கட்டளைக்கு டிரஸ்ட் பத்திரம். கம்பெனி ஆவணங்களை மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறை தளத்தில் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம்.

2. அதில் குத்தகைக்கு விடும் அதிகாரம் தெளிவாக எழுதியிருக்கிறதா? ‘எல்லாவித ஒப்பந்தங்களும்’ என்ற பொதுச் சொல்லை நம்பாதீர்கள். அதை நம்பித்தான் தாமஸ் தோற்றார்.

3. எவ்வளவு சொத்துக்கு, எத்தனை வருஷத்துக்கு அதிகாரம்? ஒரு கடையை விடலாம் என்றால் மொத்த வளாகத்தையும் விடலாம் என்று பொருள் இல்லை. சென்ட்ரல் கம்பெனி இங்கேதான் விழுந்தது.

4. அதற்கு மேலே வேறு யாருடைய அனுமதி வேண்டும்? ஆணையரா, கோர்ட்டா, பதிவாளரா, வங்கியா? “விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்” என்ற பேச்சே வேண்டாம். உத்தரவு எண்ணும் தேதியும் பத்திரத்தில் ஏற வேண்டும்.

5. கையெழுத்துப் போடுகிறவருக்கு அதிகாரம் கொடுத்த தீர்மானத்தின் சான்று நகல் வாங்கிப் பத்திரத்தோடு இணையுங்கள்.

6. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். ஆனால் பதிவானதாலேயே அதிகாரம் வந்துவிடாது, அதையும் நினைவில் வையுங்கள்.

7. நீங்கள் சொத்து விடுகிறவர் என்றால், எடுக்கிற அமைப்புக்கு எடுக்கும் அதிகாரம் உண்டா என்று இதே கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள்.

8. ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கிறீர்களா? தள்ளிப்போடாதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, ஒப்பந்தம் செல்லாது என்று தெரியவந்தால் அதன்மூலம் பெற்றதைத் திருப்பித் தரச் சொல்கிறது. அட்வான்ஸைக் கேட்க வழி உண்டு. எதிர்கால லாபத்தைக் கேட்க வழி இல்லை. கட்டிய பணத்துக்கு ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்தி, வக்கீலிடம் இன்றே காட்டுங்கள். பெயின்ட், பிளம்பிங், மாடி என்று மேலும் பணத்தைக் கொட்டுவதை அதுவரை நிறுத்துங்கள்.

ஆவணம் கேட்டால் எதிராளி முகம் சுளிக்கலாம். “எங்களையே சந்தேகப்படுகிறீர்களா?” என்று கேட்கலாம். அவர் யோக்கியராகவே இருக்கட்டும். மில்வில் கம்பெனி இயக்குநர்கள் மோசடிக்காரர்கள் என்று அந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. யோக்கியதை இருந்தது, அதிகாரம்தான் இல்லை. ஆவணம் காட்ட முடியாதவரிடம் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குத்தகை வேண்டாம். எழுந்து வந்துவிடுங்கள்!